பெற்றீசியா வாங்கிய நீள பில்டர்

மனுவேலை உள்ளே விடாத ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் கண்டிப் பக்கத்தில் மூன்று இருந்தன. முதலாவது கடையில், மாறிப்போன ஒரு பெல்ட்டுக்காக, விற்க நின்றவனைச் சட்டைக் கழுத்தில் பிடித்து கவுண்டருக்கு மேலாக இழுத்துப் போட்டார். இரண்டாவதில் கண்ணாடிப் பெட்டியை உடைத்தார். உடைத்தது அவர்களுடைய பிஸ்டனாலேயே. மூன்றாவது கடைக்காரனுக்கு இன்றைக்கும் மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. ஆகவே லொறிக்கு ஒரு ஆணி வாங்குவதென்றாலும் அவருடைய பெண்சாதி பெற்றீசியாதான் ஹந்தானையிலிருந்து இறங்கி, கண்டியில் பஸ் மாறி, பிலிமத்தலாவை வரைக்கும் போக வேண்டும்.

பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த அர்கம் இதை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டான். "அக்கா, நீங்க வந்தா கதிரை போட்டு உக்கார வைப்பேன். அண்ணன் வந்தா ஷட்டரைப் போடுவேன். கோவிச்சுக்காதீங்க."

"எனக்கென்ன கோவம்? வீட்டுக்கும் ஒரு ஷட்டர் இருந்தா நானும்தான் போடுவேன்" என்றாள் பெற்றீசியா. அன்றைக்கு அவளுடைய உதடு வீங்கியிருந்தது. அர்கம் சிரிக்கவில்லை.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, கொழுந்து லொறியில் கிளீனராக நின்ற மனுவேலைக் கட்டிக்கொண்டவள். மூக்கு இரண்டு தடவை உடைந்திருக்கிறது. ஒரு தடவை லொறியின் பின்கதவுக் கொக்கி அடித்தது. மற்றத் தடவை மனுவேல். இரண்டில் எது அதிகமாக வலித்தது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் விளையாட்டுக்குக் கேட்டால், "கொக்கி பரவாயில்ல. அடிச்சிட்டுப் பேசாம தொங்கிக்கிட்டு இருந்திச்சு" என்பாள். மகள் ஷாமலா பத்தொன்பது வயதில் ஒருவனைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனதும், போனவள் கிறிஸ்மசுக்குக்கூடத் திரும்பி வராததும், மாப்பிள்ளையின் மீதுள்ள ஆசையால் மட்டுமல்ல என்பது லயம் முழுக்கத் தெரியும்.

குடித்துவிட்டு அடிக்கிற ஆண் என்றால் குடிக்காத நாளையாவது நம்பியிருக்கலாம். மனுவேல் குடிப்பதில்லை. கோயிலுக்குப் போவார். கடன் வாங்கமாட்டார். பாடுபட்டு உழைப்பார். ஆனால் அவர் செய்த ஒன்றைத் தப்பு என்று யாராவது காட்டிவிட்டால், அந்த ஆளின் முகத்தில் அவருடைய கை இருக்கும். பெற்றீசியா இருபத்தைந்து வருஷமாக இதைக் கவனித்து வைத்திருந்தாள். கறிக்கு உப்புக் கூடினால் அடி கிடையாது. அந்த உப்பைப் போடச் சொன்னதே அவர்தான் என்று சொன்னால் அடி.

லொறி, தெல்தெனியாவில் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவரிடம் வாங்கிய பழைய ஆறு சில்லு வண்டி. தோட்டத்தில் இருந்து விலகியபோது அவளுக்குக் கிடைத்த காசில்தான் வாங்கினார்கள். அந்த நேரம் மனுவேலின் பேரில் அடிதடி வழக்கு ஒன்று கோர்ட்டில் கிடந்ததால் பதிவும் அவள் பேரிலேயே நடந்தது. ஹார்ட்வெயார் கடைகளுக்குச் சீமெந்தும் தகரமும் ஏற்றி வயிறு கழுவினார்கள்.

அந்த லொறி சில மாதமாகக் காலையில் சத்தம் போடத் தொடங்கியிருந்தது. சாவியைத் திருப்பியதும், தகர வாளிக்குள் கல்லைப் போட்டு ஆட்டுவது போல எஞ்சின் கடகடத்தது. டேஷ்போட்டில் ஓயில் படம் போட்ட சிவப்பு லைட் அணைய மறுத்தது. கொஞ்ச நேரம் போனால் லைட்டும் அணையும், சத்தமும் அடங்கும். பகலில் ஒன்றும் இருக்காது. மறுநாள் காலை மறுபடி அதே கூத்து.

பக்கத்து வீட்டுக் கஜேந்திரன், தோட்டத்து டிரைவர், ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான். "அண்ணே, ஓயில் மேல ஏற நேரமெடுக்குது போல. பாஸ் ஒருத்தருக்குக் காட்டுங்களேன்." 'பாஸ்' என்று இங்கே மெக்கானிக்கைத்தான் சொல்வது.

மனுவேல் வேலியைத் தாண்டவில்லை. வேலியைப் பிடுங்கினார். பிடுங்கிய கம்போடு கஜேந்திரனின் முற்றம் வரை போய், அங்கே கழுவிக் காயவைத்திருந்த அவன் சைக்கிளை அடித்து நெளித்துவிட்டு வந்தார். வந்த கையோடு டேஷ்போட்டைக் கழற்றி அந்தச் சிவப்பு பல்பைப் பிடுங்கி எறிந்தார். "இப்ப லைட் எரியுதா? எரியுதாடி? பாத்துச் சொல்லு."

"இல்லைங்க" என்றாள் பெற்றீசியா. அதன்பிறகு பகலில் அவர் தூங்கும்போது, புல்லுக்குள் தேடி அந்த பல்பை எடுத்து மறுபடி மாட்டினாள். எரிவதை அவர் பார்க்கத்தான் செய்தார். தானே மாட்டியது போல இருந்துவிட்டார்.

ஓயில் மாற்றும் நாள் வந்தது. மனுவேல் காலையில் லொறியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, பலா மரத்தடியில் நிறுத்தி, பழைய ஓயிலை வடித்தார். பழைய பில்டரைக் கழற்றிப் பழந்துணியில் சுற்றி, ஷொப்பிங் பையில் போட்டு அவளிடம் கொடுத்தார். "சாம்பிள். இதே மாதிரி. ஒரு மயிர் அங்கிட்டு இங்கிட்டு இருந்துச்சுன்னா ஒன் தலையில போட்டு ஒடைப்பேன்."

எல்லாரும் அப்படித்தான் வாங்குவார்கள். நம்பர் பார்ப்பது யாருமில்லை. பழையதைக் கொண்டுபோய் கவுண்டரில் வைத்தால் கடைக்காரன் உயரம் பார்ப்பான், ரப்பர் வளையத்தோடு வளையம் வைத்துப் பார்ப்பான், மரையில் ஒரு நட்டைச் சுழற்றிப் பார்ப்பான். சரியென்றால் சரி. பெற்றீசியாவும் பத்து வருஷமாக அப்படியே வாங்கி வந்தவள்.

அன்றைக்கு அர்கம் நட்டைச் சுழற்றவில்லை. கடையில் ஆள் இல்லாததால் பேச்சுக் கொடுத்தான். அவள் காலைச் சத்தத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் பழைய பில்டரைக் கையில் எடுத்து உருட்டினான். "அக்கா, ஒங்க வண்டி என்ன வண்டி? இது வேன்ல போடுறது."

"இதத்தான் போடுறோம்."

"யாரு முதல்ல போட்டது?"

"வாங்கும்போதே இதுதான் இருந்திச்சு. சூளைக்காரரு போட்டது."

"அப்ப அவரு கிடைச்சதப் போட்டிருக்கிறாரு. நீங்க அத சாம்பிளாக் கொண்டு வந்தீங்க. நானும் சாம்பிளப் பாத்துக் குடுத்தேன். பத்து வருஷம்! யா அல்லாஹ்." அவன் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். ராக்கையின் மேல்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்தான். நீளமானது, கனமானது. மரையும் ஒன்றுதான், வளையமும் ஒன்றுதான்.

"ரெண்டும் பூட்டினா பூட்டும். அதுதான் பிரச்சினை. ஒங்க எஞ்சின்ல பில்டர் படுத்த மாதிரி நிக்குது, சரியா? வண்டி ராவைக்கு நிக்கும்போது உள்ள இருக்கிற ஓயில் பின்னால வடிஞ்சி கீழ போயிரக்கூடாது. அதுக்குப் பெரியதுல உள்ள ஒரு ரப்பர் இருக்கு, ஓயிலத் தடுக்கும். இந்தச் சின்னதுல அது இல்ல. காலையில வெறும் இரும்போட இரும்பு ஒரசுது. அதுதான் அந்தச் சத்தம்."

பெற்றீசியா கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். பழைய பில்டரின் வாயைச் சுற்றியிருந்த சின்ன ஓட்டையொன்றில் விட்டாள். ஊசி தடையில்லாமல் உள்ளே போனது. நீளமானதில் விட்டாள். மெத்தென்று எதிலோ முட்டி நின்றது. மறுபடியும் விட்டுப் பார்த்தாள். ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகினாள்.

அர்கம் பழைய பில்டரை இரும்பறுக்கும் வாளால் அறுத்துப் பிளந்தான். உள்ளே கடதாசி சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக இருந்தது. அவன் ஒரு மடிப்பை விரித்தான். கறுப்பு ஓயிலுக்குள் ஜிகினாத் தூள் மினுங்கியது.

"இது?"

"எஞ்சின். ஒங்கட எஞ்சின்தான் அக்கா, அரைஞ்சி வந்திருக்கு. இப்படியே போனா ஏத்தத்துல ஒருநா இறுகி நிண்டுரும்." நீளமானதுக்குப் பக்கத்தில் புதுச் சின்னதொன்றையும் எடுத்து வைத்தான். "ரெண்டையும் கொண்டு போங்க. அண்ணன் பாத்து முடிவு எடுக்கட்டும். எடுக்காதத திருப்பித் தாங்க."

மனுவேலுக்கு முன்னால் இரண்டையும் வைத்தால் அவர் எதை எடுப்பார் என்பது அவளுக்குத் தெரியும். நீளமானதை எடுத்தால் பத்து வருஷம் தப்பாகப் போட்டேன் என்று அவரே சொன்னதாகிவிடும். அதைவிட எஞ்சினை விழுங்கச் சொன்னாலும் விழுங்குவார்.

"நீளமானத மட்டும் குடு" என்றாள். பிளந்த பழையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

வீடு வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. மனுவேல் மரத்தடியில் குந்தியிருந்தார். பையை வாங்கி உள்ளே பார்த்தார். முகம் மாறவில்லை. அதுதான் பயம். அவர் கத்தும்போது விலகி ஓட நேரம் இருக்கும்.

"சாம்பிள் எங்க?"

"கடையில. வெட்டிப் பாத்தோம். உள்ள இரும்புத் தூளுங்க. இந்தச் சின்னது நம்ம வண்டிக்கு உள்ளது இல்லயாம், வேனுக்குள்ளதாம். ஆரம்பத்துல இருந்தே..."

பில்டர் அவளுடைய கன்ன எலும்பில் விழுந்தது. எறியவில்லை, கையில் பிடித்தபடியே அடித்தார். அடுத்தது வாயில். அவள் இருந்த வாக்கில் உட்கார்ந்தாள். வாய்க்குள் உப்புக் கரித்தது. நாக்கில் உடைந்த பல் துண்டொன்று உருண்டது. மயிரைப் பிடித்து முகத்தை லொறிக்குப் பக்கம் திருப்பினார். "ஆரம்பத்துல இருந்தே என்னா? சொல்லு. கடைக்காரப் பயலோட சேந்து எனக்குப் படிச்சிக் குடுக்க வந்தியா? நான் கிளீனரா நிக்கும்போது அவன் வாப்பாவுக்கே கல்யாணம் ஆகல!" மண்டையைச் சில்லு டயரில் இரண்டு தடவை மோதினார். டயர் என்பதால் உடையவில்லை. வயிற்றில் ஒரு உதை. அதோடு விட்டுவிட்டு கக்கூசுக்குப் பின்னால் போனார்.

பெற்றீசியா படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக இந்த இடத்தோடு முடிந்துவிடும். அவர் ஒரு பக்கம் போவார், அவள் முகம் கழுவி அடுப்பைப் பார்ப்பாள்.

மனுவேல் திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய பில்டர் இருந்தது. பின்னாலுள்ள குப்பை மேட்டிலிருந்து எடுத்தது. எப்போதோ கழற்றி எறிந்த சின்னது, ஒரு பக்கம் துரு, வாயில் மண். மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்து அதற்குள் ஊற்றி, குலுக்கி, நிலத்தில் கொட்டினார். மறுபடி ஊற்றிக் குலுக்கினார். சட்டையால் வாயைத் துடைத்தார்.

"இதத்தான் போடுவேன். எவன் என்னா சொல்றான்னு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டு லொறிக்கு அடியில் முதுகால் நகர்ந்து போனார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் வெளியே நீட்டியிருந்தன.

அடி வாங்கியதற்காக அவள் எழும்பவில்லை. பிறகு அவளே கஜேந்திரனின் பெண்சாதியிடம் அப்படித்தான் சொன்னாள். அந்தக் குப்பை பில்டரை மண்ணெண்ணெயில் குலுக்கிய சத்தம்தான் அவளுக்குத் தாங்கவில்லையாம். தன் பேரில் உள்ள, தன் காசில் வந்த ஒரு எஞ்சினுக்குள் குப்பையைப் பூட்டுகிறார், தான் செய்தது தப்பு இல்லை என்று காட்ட மட்டும்.

ஜெக்குக்குப் போடும் இரும்புக் கம்பி மரத்தில் சாத்தியிருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் எடுத்தாள். உலக்கையை ஓங்குவது போல ஓங்கி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் இறக்கினாள்.

விறகு முறிகிற சத்தம் கேட்டது. லொறிக்கு அடியிலிருந்து வந்த அலறலில் பலா மரத்துக் காகம் எல்லாம் கிளம்பின. மனுவேல் எழும்பப் பார்த்து நெற்றியை அடித்தட்டில் இடித்துக்கொண்டார். ஸ்பேனர் ஒன்று பறந்து வந்து அவளுடைய கணுக்காலில் பட்டது. அவள் விலகவில்லை. அதே காலில், அதே இடத்தில், இன்னொன்று போட்டாள்.

"அடியே கொன்னுருவேன்டி! வெளிய வந்தேன்னா கொன்னுருவேன்!"

"வாங்க" என்றாள். வாயிலிருந்து இரத்தம் சட்டையில் வடிந்தது. "வாங்க வெளிய. மத்தக் காலு இருக்கு."

அவர் வரவில்லை. மூச்சு மட்டும் இரைத்தது.

"அந்தப் பில்டர இங்க போடுங்க."

"மாட்டேன்."

அவள் கம்பியை மற்றக் காலின் மேல் மெதுவாக வைத்தாள். வைத்தாள், அவ்வளவுதான். துருப்பிடித்த பில்டர் உருண்டு வெளியே வந்தது. அதைக் காலால் தள்ளிப் பள்ளத்துக்குள் விட்டாள்.

அதற்குள் கஜேந்திரன் வேலி இல்லாத வேலியைத் தாண்டி ஓடி வந்திருந்தான். அவளைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்த காலைப் பார்த்தான். "ஐயோ அக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஆட்டோவுக்குச் சொல்லவா?"

"ஸ்டேண்டுல இவரு அடிக்காத ஆட்டோக்காரன் யாரு இருக்கான்? வருவானா?"

கஜேந்திரன் யோசித்தான். யாரும் இல்லை. "அப்ப எம்பியுலன்சுக்குப் போன் பண்ணுவோம்."

"வேணாம்!" என்று லொறிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "எப்படி நடந்துச்சுன்னு கேப்பானுங்க."

"அப்ப நம்ம லொறிதான்" என்றாள் பெற்றீசியா. "அதுல ஓயிலும் இல்ல, பில்டரும் இல்ல. இந்தா தம்பி, இத நீ பூட்டு."

நீளமான பில்டர் அவளுடைய இரத்தம் பட்டுப் பக்கத்தில் கிடந்தது. தகரத்தில் ஒரு நசுங்கல்கூட இல்லை. கஜேந்திரன் அதைத் துடைத்து, உள்ளே பாதிக்குப் புது ஓயில் ஊற்றி, ரப்பர் வளையத்தில் விரலால் ஓயில் தடவினான். பிறகு ஒரு கையில் பில்டரோடு மனுவேலுக்குப் பக்கத்திலேயே அடியில் நகர்ந்தான்.

"அண்ணே, கொஞ்சம் அங்கிட்டு."

"தொட்டேன்னா ஒன்னய வெட்டுவேன்டா."

"பொறகு வெட்டுங்க. இப்ப கைய எடுங்க, மரை பிடிக்கல."

முனகலும் ஏச்சுமாக இரண்டு பேரும் அடியில் கிடந்தார்கள். கஜேந்திரன் கையாலேயே இறுக்கிவிட்டு வெளியே வந்தான். அவள் மேலே ஏறி ஓயிலை ஊற்றினாள். மனுவேலைக் கக்கத்தில் பிடித்து இழுத்து, காலுக்கு இரண்டு பக்கமும் பலகை வைத்துச் சேலையால் கட்டி, சீமெந்துப் பைத் தூளுக்குள் பின்னால் போட்டார்கள். தூக்கும்போது அவர் கஜேந்திரனின் தோளைக் கடித்தார். கஜேந்திரன் அவருடைய காதில் ஒன்று வைத்தான். சைக்கிளுக்கு, என்றான்.

ஹந்தானை இறக்கத்தில் ஒவ்வொரு குழிக்கும் பின்னாலிருந்து அலறல் வந்தது. கஜேந்திரன் குழிகளைத் தவிர்க்கப் பெரிதாகப் பாடுபட்டதாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் ஒருவர் சிங்களத்தில் கேட்டார். என்ன நடந்தது? பெற்றீசியா வாயைத் திறந்தாள். அவளை முந்திக்கொண்டு மனுவேல் ஸ்ட்ரெச்சரிலிருந்து கத்தினார், ஜெக் வழுக்கி லொறி காலில் விழுந்தது, மாத்தயா. பொண்டாட்டி அடித்துக் கால் உடைந்தது என்று கண்டிப் பட்டணத்தில் சொல்லிவிட்டு அவரால் உயிரோடு இருக்க முடியாது. பொலிஸ்காரர் அவளுடைய வீங்கிய கண்ணையும் பிளந்த உதட்டையும் பார்த்தார். இதுவும் ஜெக்கா, என்றார்.

"இது இவர்தான்" என்றாள் அவளும் சிங்களத்தில். "இருபத்தஞ்சு வருஷமா. எழுதுறதா இருந்தா எழுதுங்க."

அவர் எழுதினார்.

உள்ளே கம்பி வைத்துப் பூட்டி, மாவுக்கட்டுப் போட்டு அவரை விடுவதற்குப் பல நாளானது. அதற்கிடையில் கஜேந்திரன் தோட்டத்து வேலை முடிந்து வந்து லொறியை ஓட்டினான். கூடவே முன்சீட்டில் பெற்றீசியா போனாள். தெல்தெனியாவுக்குத் தகரம் இறக்கப் போனபோது, ஏற்றத்தில் எஞ்சின் எப்போது இறுகி நிற்குமோ என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தாள். நிற்கவில்லை. ஆனால் சுகமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. சிவப்பு லைட் சாவி திருப்பிய சுருக்கில் அணைந்தது. காலைச் சத்தம் பாதியாகக் குறைந்தது. மிச்சப் பாதி அரைபட்டுப் போன இரும்பின் சத்தம். அதற்கு எஞ்சினை இறக்கத்தான் வேண்டும் என்று பாஸ் சொல்லிவிட்டார்.

விடுகிற நாளில் அவள் வார்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை.

"லொறி எங்க?"

"வெளிய நிக்குது. கஜேந்திரன் இருக்காரு."

"அவனா ஓட்டுறான்?"

"அவருதான் ஓட்டுவாரு. சாவி எங்கிட்ட. சாமான் நான் வாங்குவேன், பூட்டுறது அவரு. வீட்டுக்கு வாறதுன்னா வரலாம். கை ஓங்கினா மத்தக் கால். இல்லாட்டி இப்பவே சொல்லுங்க, தெல்தெனியாவுல ஒங்க தங்கச்சி வீட்டுல எறக்கிட்டுப் போறோம். இன்னைக்கு லோடும் அந்தப் பக்கந்தான்."

மனுவேலின் வலது கை போர்வைக்கு மேல் முட்டியாக மூடியது. அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். முட்டி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"தங்கச்சி புருசன் ஒரு நாய்" என்றார் கடைசியில். "காலையில லைட் எவ்வளவு நேரம் எரியுது?"

"திருப்பின ஒடனே போயிருது."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்ப நான் என்னா செய்யிறது?" என்று கேட்டார்.

"ஓயில் ஊத்துங்க. மேல ஏற வேணாம், ஸ்டூல் போட்டுத் தாறேன்."

அவர் மாறிவிட்டார் என்று லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. பெற்றீசியா நம்பவே இல்லை. ஜெக் கம்பி இப்போது லொறியில் இருப்பதில்லை, அவளுடைய பாய்க்குப் பக்கத்தில் சுவரோடு கிடக்கிறது. அடுத்த ஓயில் மாற்றத்துக்கு அவள் பிலிமத்தலாவைக்கு வெறுங்கையோடு போய், வண்டியின் பேரையும் எஞ்சின் நம்பரையும் சொல்லி நீளமானதை வாங்கி வந்தாள். மனுவேல் ஊன்றுகோலைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, கஜேந்திரனை அவன் பரம்பரையோடு சேர்த்து ஏசியபடியே, கேனைச் சரித்து ஊற்றினார். கொஞ்சம் வெளியே சிந்தியது. சிந்துகிறது என்று அவள் சொன்னாள்.

கேன் ஒரு நொடி நின்றது. கஜேந்திரன் லொறிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான்.

மனுவேல் கேனைக் கொஞ்சம் நிமிர்த்தி, சிந்தாமல் ஊற்றத் தொடங்கினார்.